சாவிக்கொத்து

நண்பர்களே, வலிப்பு பற்றிப் பேச டாக்டர் கிடைக்கவில்லையாம், பேஷண்ட்டையே மேடையேற்றிவிட்டார்கள்.

இறுதியாண்டில் லஸ் முனையில் பஸ்ஸுக்கு நிற்கையில் விழுந்தேனே, நினைவிருக்கா? என் கையில் யாரோ சாவிக்கொத்தைத் திணித்தார்கள். இரண்டு நிமிஷத்தில் நின்றது. பெரும்பாலும் தானாகவே நின்றுவிடும். பெருமை சாவிக்குப் போய்விடுகிறது! வாயில் எதையும் வைக்காமல் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிஷம் தாண்டினால் ஆஸ்பத்திரிதான்.

வீட்டில் "வெயில் மயக்கம்" என்று மூடிவிட்டார்கள். தங்கைக்கு வரன் பார்த்த சமயம். எனக்கும் நாளைக்கு ஆகணுமே. இந்து திருமணச் சட்டத்திலேயே வலிப்பு ஒரு குறையாக இருந்தது. 1999-ல்தான் நீக்கினார்கள்.

11 வருஷம் கழித்து தி. நகரில் மறுபடி விழுந்தேன். ஸ்கேனுக்கு அழைத்துப் போனவர் தங்கையின் கணவர். யாரிடம் மறைத்தோமோ, அவர்!

மூளையில் ரத்தக்குழாய்ச் சிக்கல். பிறவியிலேயே இருந்திருக்கலாம் என்றார் டாக்டர். தமனிக்கும் சிரைக்கும் நடுவே மெல்லிய தந்துகிகள் இருந்து ரத்தத்தின் வேகத்தைத் தணிக்கணும். எனக்கு அந்த இடத்தில் அவை இல்லை. மெட்ரோ வாட்டர் மெயினை நேரே வீட்டுக் குழாயில் மாட்டினாற்போல. அது பக்கத்து மூளையை உறுத்தினால் வலிப்பு, வெடித்தால் ரத்தக்கசிவு. அதோடுதான் 11 வருஷம் ஸ்கூட்டர் ஓட்டியிருக்கிறேன்.

இத்தனைக்கும் 1950-லேயே டாக்டர் பி. ராமமூர்த்தி ஜெனரல் ஆஸ்பத்திரியில் மூளை அறுவைச் சிகிச்சையைத் தொடங்கிய ஊர் இது. பின்னால் அடையாறு வி.எச்.எஸ்.ஸிலும் மையம் அமைத்தார். மயிலாப்பூரிலிருந்து அது என்ன பெரிய தூரமா?

ஆபரேஷன் ஆச்சு. மாத்திரை இன்றும் உண்டு. மணி எட்டாகிறது, யாராவது ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்களேன்.