கண்டற்காடும் கடன்பணமும்

(கமக்காரர், கூட்டுறவாளர், ஆசிரியர், கணக்காளர் முதலியோர் கூடிய அவையில் நிகழ்த்தப்பெற்ற உரை)



பொதுநலச் சங்கங்களைப் பற்றிப் பேச வருவோர் அவை ஆற்றிய தொண்டினை விரித்துரைப்பர். பணம் எங்கிருந்து வந்தது, எவர் கையிற் போய்ச் சேர்ந்தது, அது தீர்ந்தபின் நடப்பது யாது என்னும் வினாக்களை மரியாதை கருதித் தவிர்த்துக்கொள்வர். அந்த மரியாதையை இன்று சிறிது ஒதுக்கிவைக்க எண்ணுகின்றேன். நமது களப்புக்களின் கரையிலே நிற்கும் கண்டற்காடுகளைக் காப்பதற்கென வெளிநாட்டுப் பணம் இந்நாட்டுக்கு வந்தது. அது வந்த வழியையும் நின்ற நிலையையும் கமக்காரரும் கற்றோரும் ஒருங்கே அறிதல் வேண்டும். இனியும் அத்தகைய பணம் வரும். ஒப்பந்தத் தாளுடனேயே வரும்.

இக்கதை தொடங்குவது நமது நாட்டிலன்று. பசிபிக் பெருங்கடலிலுள்ள சமோவாத் தீவில், ஃபலேயாலுப்போ என்னும் கிராமத்தில். 1980களின் இறுதியில் அக்கிராமத்தார் புதிய பள்ளிக்கூடம் கட்டியே ஆகவேண்டும் என்று அரசு வற்புறுத்திற்று. அவர்களிடம் பணமில்லை; காடு இருந்தது. மரம் வெட்டும் கம்பெனியொன்றுக்கு அக்காட்டை விட்டுக்கொடுத்தனர். மூலிகை ஆராய்ச்சிக்காக அங்கே தங்கியிருந்த அமெரிக்கத் தாவரவியலறிஞர் போல் அலன் கொக்ஸ், பள்ளிக்கூடச் செலவைத் தாம் திரட்டித் தருவதாகவும் காட்டை வெட்டாது விடும்படியும் கேட்டார். கிராமத் தலைவர்கள் இசைந்தனர். 30,000 ஏக்கர் மழைக்காடு தப்பிற்று. இதிலிருந்தே 1991 இல் சீகொலஜி என்னும் சங்கம் பிறந்தது. தீவுகளில் வாழும் மக்களுக்குப் பள்ளியோ மருந்துச்சாலையோ கிணறோ கட்டிக் கொடுத்து, அதற்கு ஈடாகக் காட்டையோ கடலின் ஒரு பகுதியையோ காப்பதாக வாக்குறுதி பெறுவது அதன் முறை. பிச்சையுமன்று, கட்டளையுமன்று, ஒரு பண்டமாற்று. ஏழையின் காடு ஏன் அழிகின்றது என்பதை அறிந்தவர் வகுத்த முறை என்றே இதனைச் சொல்வேன்.

இச்சங்கம் 2015 ஆம் ஆண்டு மே மாதத்தில் இலங்கைக்கான திட்டமொன்றை அறிவித்தது. சிலாபத்தைத் தளமாகக் கொண்ட சுதீச என்னும் மீனவர் சங்கமும் இலங்கை அரசும் அதிற் பங்காளிகள். ஐந்து ஆண்டுகளில் 34 இலட்சம் டொலர் செலவில், தீவிலே எஞ்சியிருந்த 21,782 ஏக்கர் கண்டற்காடு அனைத்தையும் காப்பது; அழிந்துபோன 9,600 ஏக்கரை மீள நடுவது; 1,500 கரையோரக் குடியிருப்புக்களைச் சேர்ந்த 15,000 பெண்களுக்குத் தொழிற்பயிற்சியும் சிறுகடனும் அளிப்பது; இவையே அதன் நோக்கம். கடன் பெறும் பெண்கள் கண்டல் மரத்தை வெட்டுவதில்லை என்றும் அதனைக் காவல் செய்வதென்றும் உடன்படுவர். சிலாபத்துக்கு அண்மையில், பம்பலையில், 2016 யூலை 26 இற் கண்டல் அரும்பொருட்சாலை ஒன்றும் திறந்துவைக்கப்பட்டது. 2018 இல் ஐக்கிய நாடுகளின் காலநிலை விருதொன்றும் இத்திட்டத்துக்குக் கிட்டிற்று.

இனிக் கணக்குக்கு வருவோம். 34 இலட்சத்தை 15,000 ஆற் பிரித்தால் ஒரு பெண்ணுக்கு 227 டொலர். அக்காலத்து நாணய மாற்றில் ஏறத்தாழ 30,000 ரூபா. இதிலேயே பயிற்சியும் நாற்றுமேடையும் அலுவலர் சம்பளமும் அடங்கும். ஆதலின் கையிற் கிடைக்கும் கடன் இதனினும் குறைந்ததே. காக்கவேண்டிய காட்டையும் நடவேண்டிய நிலத்தையும் கூட்டினால் 31,382 ஏக்கர். ஒரு குடியிருப்பின் பங்கு 21 ஏக்கர். ஏக்கருக்கு விழும் செலவு ஐந்தாண்டுக்கும் சேர்த்து 108 டொலர். ஆண்டொன்றுக்கு 22 டொலருக்கும் குறைவு. காவற்காரரை நியமித்து, முட்கம்பி அடித்து, வழக்காடிக் காக்கும் முறையோடு இதனை ஒப்பிடுங்கள். மிக மலிவான காவல் இது. கணக்காளர் இதனைக் கண்டு மகிழலாம். ஆனால், மலிவாகக் கிடைப்பது எதனால் என்று கேட்பவரே நல்ல கணக்காளர்.

சமோவாவிலே பள்ளிக்கூடம் கொடையாக வந்தது. கிராமத்தார் அதனைத் திருப்பிக் கொடுக்கவேண்டியதில்லை. இங்கோ பெண்ணின் கைக்கு வருவது கடன். அவள் அதனை வட்டியோடு திருப்பிக் கட்டுகின்றாள். அதற்கு மேலாகக் காட்டையும் காக்கின்றாள். அப்படியாயின் காவற்கூலியை யார் கொடுத்தார்? இவ்வினாவைச் சங்கத்தார் மீது குற்றமாகச் சாட்டவில்லை. அவர்கள் பக்கத்திலும் நியாயமுண்டு. ஈடு வைக்க நிலமோ நகையோ இல்லாத பெண்ணை எந்த வங்கியும் வாயிலுக்குள் விடாது. கொடையாகக் கொடுத்த பணம் ஒருமுறை செலவாகித் தீரும். கடனாகக் கொடுத்த பணமோ திரும்பி வந்து அடுத்த வீட்டுக்குப் போகும். நமது பழைய ஐக்கிய நாணய சங்கங்கள் செய்ததும் இதுவே அன்றோ? ஆயினும் அச்சங்கங்களிலே முதல் உறுப்பினருடையது; வட்டியின் மிச்சமும் உறுப்பினருக்கே சேர்ந்தது. சுழலும் நிதி எவருடைய பெயரில் நிற்கின்றது என்பதே இங்கு தலையாய கேள்வி.

வடக்கிலும் கிழக்கிலும் கடன் என்னும் சொல்லுக்கு ஒரு கசப்பு ஏறிவிட்டது. யுத்தம் முடிந்தபின் நுண்கடன் கம்பெனிகள் ஊரூராக வந்தன. கணவனை இழந்தவளும் வீடிழந்தவளும் ஒன்றை அடைக்க மற்றொன்று என்று கடன் வாங்கினர். 2018 செப்டெம்பரில் இங்கு வந்த ஐக்கிய நாடுகளின் வல்லுநர் ஹுவான் பப்லோ பொஹோஸ்லவ்ஸ்கி, ஆண்டுக்கு நூற்றுக்கு 220 வரையில் வட்டி அறவிடப்பட்டதை எடுத்துக்காட்டினார். அதே ஆண்டில் வரட்சியால் வாடிய 12 மாவட்டங்களிலே பெண்கள் கட்டத் தவறிய ஓரிலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை நீக்க அரசு முன்வந்தது. இத்தகைய நிலத்திலே, காட்டின் பெயரால் இன்னுமொரு கடன் புத்தகம் நீட்டப்படுமாயின், எங்கள் சகோதரிகள் அதனை ஐயத்தோடு நோக்குவது பேதைமையன்று.

பணத்தின் பெறுமதி என்னும் மற்றொரு பள்ளமும் உண்டு. 2015 இல் டொலர் ஒன்று ஏறத்தாழ 134 ரூபா. 2022 இல் ரூபா வீழ்ந்தபோது அது 360ஐத் தொட்டது. 100 டொலரை 13,400 ரூபாவாக மாற்றிக் கடன் கொடுத்த சங்கம், ஒரு சதமும் குறையாமல் முதலை மீட்டிருந்தாலும், அந்நாளில் அதன் டொலர்ப் பெறுமதி 37 மாத்திரமே. 2022 செப்டெம்பரிற் கொழும்பு விலைச்சுட்டி ஓராண்டுக்குள் நூற்றுக்கு 70 அளவில் ஏறியிருந்தது. ஓராண்டுக்கு முன் கொடுத்த 10,000 ரூபா திரும்பி வந்தபோது பழைய விலையில் 5,900 ரூபாச் சரக்கையே வாங்கும். கடனாளிக்கு இது ஒருவகை ஆறுதல். நிதிக்கு இது கரையான். எவரும் திருடாமலே பெட்டி பாதியாகிவிடும். ஐந்தாண்டுத் திட்டம் எழுதுவோர் இதற்கென ஒரு பகுதியை ஒதுக்காவிடின், ஆறாம் ஆண்டில் காவலுக்கு ஆளிருக்கலாம், கொடுக்கக் கடனிராது.

இப்போது நடுகையைப் பற்றி. இங்கேதான் கமக்காரர் தமது அனுபவத்தாற் பேசத்தக்க இடம் இருக்கின்றது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர் கண்டல் நடுதல் ஒரு திருவிழாவாயிற்று. அலையைக் கண்டல் எந்த அளவுக்குத் தடுத்தது என்பதில் அறிஞரிடையே இன்றும் ஒருமித்த கருத்தில்லை. ஆயினும் பணம் வந்தது, நாற்று நடப்பட்டது, படமும் எடுக்கப்பட்டது. 2017 இல் வெளிவந்த ஆய்வொன்று 23 இடங்களைச் சென்று பார்த்தது. நடப்பட்ட பரப்பு 1,000 முதல் 1,200 ஹெக்டேயர்; காடாக எழுந்தது 200 முதல் 220 ஹெக்டேயர். 9 இடங்களில் ஒரு கன்றுகூட எஞ்சவில்லை. பாதிக்கு மேற் பிழைத்த இடங்கள் மூன்றே: கற்பிட்டி, பம்பலை, நீர்கொழும்பு.

காரணம் என்ன? நெல் விதைப்பவனுக்கு மேடும் பள்ளமும் தெரியும். நீர் எத்தனை நாள் நிற்கும் என்பது தெரியும். கண்டல் நட்டவர்கள் பலர் அதனைப் பாராது நட்டனர். கண்டலுக்கு நீர் ஏறியும் இறங்கியும் வரவேண்டும். எந்நேரமும் மூழ்கிக்கிடக்கும் சேற்றிலும் என்றும் நனையாத மேட்டிலும் அது வாழாது. மரத்திலேயே முளைத்து நீண்டு தொங்கும் காய் கைக்கு எளிதாக அகப்படுமாதலின், அதனையே எங்கும் குத்தினர். அவ்விடத்துக்குரிய இனம் எதுவென ஆராயவில்லை. நட்டபின் திரும்பிப் பார்க்கவுமில்லை. மாடு மேய்ந்தது; பாசி மூடிற்று. பல இடங்களிலே நடவேண்டிய தேவையே இல்லை; அடைபட்ட வாய்க்காலைத் திறந்து உவர்நீரை உள்ளே விட்டால் விதை தானே வந்து சேரும். ஆனால், வாய்க்கால் திறந்ததைப் படமெடுத்து நிதியளித்தவருக்கு அனுப்பினால் அது அழகாயிராது. கன்றுக்கு இவ்வளவு என்று கணக்கு வைத்துப் பணம் கொடுக்கும் வரையில் கன்றுதான் நடப்படும்; காடு வளராது. உயிரோடு நிற்கும் மரத்துக்கு ஐந்தாம் ஆண்டின் முடிவிற் பணம் என்று எழுதிப் பாருங்கள். இடந் தெரிந்து நடுவர். 2024 பெப்ரவரியில் ஐக்கிய நாடுகள் சூழல் அமைப்பு இலங்கையின் கண்டல் மீட்புப் பணியை உலகுக்கு எடுத்துக்காட்டான ஏழு பணிகளுள் ஒன்றாகத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம், அந்தத் தோல்விக்குப்பின் அறிவியல் முறை கைக்கொள்ளப்பட்டமையே.

காட்டை அழித்தவர் விறகு பொறுக்கிய பெண்கள் மாத்திரம் அல்லர் என்பதையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும். புத்தளம், சிலாபம் பகுதிகளில் 1980களிலும் 1990களிலும் இறாற் பண்ணைக்காகக் கண்டல் பெருவாரியாக வெட்டப்பட்டது. 1996 இல் வெண்புள்ளி நோய் வந்தது; பண்ணைகள் பலவும் கைவிடப்பட்டன; உவர்க்குழிகள் எஞ்சின. அந்த இலாபத்தை எடுத்தவர் எவரும் சிறுகடன் வாங்கி நாற்று நடும் வரிசையில் நிற்கக் காணோம்.

நமது பக்கத்தில், தென்மராட்சியில், சரசாலைக் குருவிக்காடு நிற்கின்றது. மட்டக்களப்பு, திருகோணமலை, மன்னார்க் கரைகளிலும் கண்டல் நிற்கின்றது. இவற்றுட் பெரும்பகுதி அரச நிலம். காக்கும் பொறுப்பு ஊர்ச் சங்கத்துக்கு. நிலத்தின் உரிமை திணைக்களத்துக்கு. யுத்தத்தின்பின் காடென்றும் சரணாலயமென்றும் எல்லைக்கல் நாட்டப்பட்ட இடங்களில் தம் மேய்ச்சலையும் வயலையும் இழந்ததாக முறையிட்ட கமக்காரர் பலர். ஆதலின், காப்பதாகக் கையொப்பம் வைக்கும் ஊரார், தமது பாரம்பரிய மீன்பிடிப்பும் வயலுக்கான நீர்வழியும் பறிபோகாது என்பதை அதே தாளில் எழுதிப் பெறவேண்டும். வாய்மொழி உறுதி போதாது.

இதனாலே வெளிப்பணம் வேண்டாம் என்று நான் சொல்வதாக எவரும் கொள்ளற்க. வரட்டும். கடனாக வரும் பகுதியின் முதல், ஐந்தாண்டு முடிவில் ஊர்ப் பெண்களின் கூட்டுறவுச் சங்கத்தின் பெயருக்கு மாறவேண்டும். காவலுக்கும் நடுகைக்கும் உரிய பகுதி கூலியாக வேறு கொடுக்கப்பட வேண்டும். அதனைக் கடனோடு கலத்தலாகாது. வட்டி வீதம் மாதக் கணக்கிலன்றி ஆண்டுக் கணக்கிற் சொல்லப்படவேண்டும். ஆண்டுதோறும் கணக்காய்வு அறிக்கை தமிழில் வரவேண்டும். இன்று நம்மிடையே அமர்ந்திருக்கும் கணக்காளரும் சட்டத்தரணிகளும் ஆளுக்கொரு களப்பைப் பொறுப்பேற்று, ஒப்பந்த வரைவைக் கையொப்பத்துக்கு முன் ஊர்க்கூட்டத்தில் வாசித்து விளக்குவார்களாயின் மாரி தொடங்குமுன் இவ்வேலை முடியும். பெயர் தர விரும்புவோர் கூட்டம் கலையுமுன் செயலாளரிடம் கொடுத்துச் செல்லுமாறு கேட்டுக்கொள்கின்றேன்.