நீண்ட பிரசவ வலி: தாயின் குற்றமா?



என் பாட்டியின் தலைப்பிரசவம் தோட்டத்து லயத்தில் நடந்தது. இரண்டு பகல், இரண்டு இரவு வலி. குழந்தை பிழைக்கவில்லை. "பயந்தாங்கொள்ளி, முக்கத் தெரியாதவள்" என்று லயமே பேசியதாம். முதுமையிலும் அதைச் சொல்லிக் கண் கலங்குவார். அந்தப் பழிச்சொல் நியாயம்தானா? இதைத்தான் இன்று சற்றுச் சிந்திக்கப் போகிறோம்.

முதலில், எதை நீண்ட வலி என்கிறோம்? முதல் வலி கண்ட நேரத்திலிருந்து கணக்கிடக் கூடாது. தொடக்க நிலை பல மணி நேரம் நீடிப்பது இயல்பே. உலகச் சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, கருப்பையின் வாய் 5 செண்டிமீட்டர் விரிந்த பிறகே தீவிர நிலை தொடங்குகிறது. அதன்பின் முழுதும் விரிய, பொதுவாகத் தலைப்பிரசவத்தில் 12 மணி நேரத்துக்கு மேலும், அடுத்த பிரசவங்களில் 10 மணி நேரத்துக்கு மேலும் ஆவதில்லை. அளவுக்கு மீறி நீண்டால் தாய்க்கு இரத்தப்போக்கும் கிருமித் தொற்றும் ஏற்படலாம். குழந்தைக்குப் பிராணவாயு குறையலாம்.

சுகமாகப் பிரசவம் ஆக மூன்று பொருந்த வேண்டும்: கருப்பை வலுவாகச் சுருங்க வேண்டும், இடுப்பெலும்பின் வழி போதுமானதாக இருக்க வேண்டும், குழந்தையின் அளவும் தலை இருக்கும் நிலையும் அவ்வழிக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

இவற்றில் பல, வலி எடுப்பதற்கு நெடுநாள் முன்பே முடிவாகிவிடுகின்றன. தலைப்பிரசவம் பொதுவாகச் சற்று நீளும். மிக இளம் வயதில் இடுப்பெலும்பு முழு வளர்ச்சி பெற்றிருக்காது. சிறு வயதில் சத்துணவின்றி வளர்ந்த பெண்ணுக்கு உயரமும் குறையலாம், இடுப்பும் குறுகலாம். உடற்பருமன் மிகுந்த தாய்க்கு வலி மெதுவாகவே முன்னேறக்கூடும். நீரிழிவு கட்டுக்குள் இல்லையென்றால் குழந்தை பெரிதாக வளரலாம். ஆனால் குள்ளமான பெண்கள் எல்லாருக்கும் சிரமம் என்று எண்ணிவிடாதீர்கள். அவர்களில் பெரும்பாலோர் சுகமாகவே பிரசவிக்கிறார்கள். இவை முன்னெச்சரிக்கைக்கான அடையாளங்களே.

இப்போது என் பாட்டியை நினைத்துப் பாருங்கள். 1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானியர் ஆட்சியில், அரிசி கிடைக்காமல் மரவள்ளிக் கிழங்கைத் தின்று வளர்ந்த சிறுமி அவர். பதினாறு வயதில் தாயானார். அவருக்குக் குறைவாக இருந்தது தைரியமா? இல்லை, நேயர்களே. உணவும் வயதும் உரிய கவனிப்பும்தான்.

ஆகவே, கர்ப்பம் என்று தெரிந்தவுடன் கிளினிக்கில் பதிந்துகொள்ளுங்கள். உயரம், வயது, முந்திய பிரசவங்கள், நோய்கள் ஆகியவற்றை மறைக்காமல் தாதியிடம் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில்தான் பிரசவம் ஆக வேண்டும் என்றால் தயங்காதீர்கள். வலி நேரத்தில் நம்பிக்கையான ஒருவர் தொடர்ந்து உடனிருந்து தேற்றினால் அச்சம் தணிகிறது, பிரசவ நேரமும் ஓரளவு குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. எனவே ஏசுவதை விட்டுக் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பெற்றோருக்கு ஓர் ஆசிரியையின் வேண்டுகோள். காலையில் பசியோடு வகுப்புக்கு வரும் சிறுமிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பாட்டியின் நினைவு வருகிறது. மகனுக்கு வைக்கும் முட்டையை மகளுக்கும் வையுங்கள். அவளுடைய பிரசவத்துக்கான ஆயத்தம் அந்தத் தட்டிலேயே தொடங்குகிறது.