நாவைப் பிளந்த பொய்



ஒரு நாட்டைப் படைகொண்டு வெல்வது ஒரு வழி. அந்நாட்டு மக்கள் தம் கண்ணையும் செவியையும் தாமே நம்பாதவாறு செய்துவிடுவது மற்றொரு வழி. இரண்டாவதில் வெடியோசை இல்லை. ஆயினும் அழிவு உண்டு. இதற்கு மால்தோவா எனும் சிறுநாடே சான்று.

உக்கிரைனுக்கும் உருமேனியாவுக்கும் இடைப்பட்ட அந்நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 24 இலக்கம். அவருள் பெரும்பாலார் பேசுவது உருமேனிய மொழி. சோவியத்து ஆட்சியோ, ‘இது உருமேனியமன்று, மால்தோவியம் எனும் வேறு மொழி’ என்று கற்பித்தது. இலத்தீன் எழுத்தை நீக்கிச் சிரில் எழுத்தைப் புகுத்தியது. உடன்பிறந்தாரைப் பிரிக்க நாவையே இரண்டாகப் பிளந்த கொடுமை அது! மக்கள் கிளர்ந்தெழுந்தனர், 1989 ஆகத்து 31-இல் இலத்தீன் எழுத்தை மீட்டனர், 1991-இல் விடுதலை பெற்றனர். ஆயினும், 2023 மார்ச்சில் தம் சட்டங்களில் ‘உருமேனியம்’ என்றே அவர்கள் எழுத முற்பட்டபோது, உருசிய அயலுறவுத் துறை அதனையும் குறைகூறிற்று. அண்டைவீட்டான் மொழிக்குப் பெயரிட இவர்கள் யார்?

2022 பிப்பிரவரி 24-இல் உருசியா உக்கிரைன்மேல் படையெடுத்தபின் பொய்மழை வலுத்தது. ‘உங்கள் அரசு உங்களைப் போருக்கு இழுக்கின்றது’ என்று அச்சமூட்டினர். குடியரசுத் தலைவர் மையா சண்டு கனித் தேநீரைத் தடைசெய்வதாகக் கூறும் போலிக் காணொளியும் பரவியது. நகைப்புக்குரியதன்று அது. உருசிய எரிவளி குறைந்து, விலையேறி, குளிரில் நடுங்கிய ஏழையின் உண்மைத் துயரில்தான் அப்பொய்கள் வேர்விட்டன.

ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரும் குறிக்கோளை அரசமைப்பில் பொறிப்பதற்கு 2024 அக்தோபர் 20-இல் வாக்கெடுப்பு நடந்தது. அதற்குமுன் 1,30,000-க்கு மேற்பட்டோர்க்கு உருசியாவிலிருந்து கையூட்டுப் பணம் வந்ததாக மால்தோவக் காவல்துறை அறிவித்தது. உருசியா மறுத்தது. ஒப்புதல் வாக்குகள் பாதியை மயிரிழையில் தாண்டின!

2022 திசம்பரில் ஆறு தொலைக்காட்சிகளின் உரிமத்தை அவ்வரசு நிறுத்தி வைத்தது. பொய் கைப்பேசிக்குக் குடிபெயர்ந்தது. ஆதலின் தடை மட்டும் மருந்தாகாது. மக்கள் துயரை மறையாது ஒப்புக்கொண்டு, அவர்தம் தாய்மொழியில், பொய்யன் வருமுன் உண்மையைச் சொல்லும் அரசும் அறிஞரும் வேண்டும்.

பெருமக்களே! ‘உன் மொழி உன் மொழியன்று’ என்பதை நம்பிவிட்டவன், பின்னர் எதைத்தான் நம்பமாட்டான்? முதற்பொய்யை வாயிலிலேயே மறியுங்கள்!