வீட்டிலே செய்யும் மின்சுற்றுப் பலகை

(பஞ்சாயத்து உறுப்பினர் பயிற்சி முகாம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



காலை முதல் வரவு செலவுக் கணக்கையும், வீட்டு வரியையும், குடிநீர்க் குழாய்களையும் பற்றியே கேட்டுக் களைத்திருப்பீர்கள். ஆகவே என் பேச்சைத் தொடங்குமுன் இந்தச் சிறு பலகையைத் தங்களிடம் தருகிறேன். ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்குப் போகட்டும். இதன் நீளம் 5 செ.மீ.; அகலம் 4 செ.மீ. ஒரு பக்கத்தில் செப்புக் கோடுகள் இருக்கின்றன. மறு பக்கத்தில் இரண்டு டிரான்சிஸ்டர்களும், இரண்டு மின்தடைகளும், ஒலியெழுப்பும் பஸ்ஸர் ஒன்றும் உள்ளன. 9 வோல்ட் பாட்டரி ஒன்றே இதற்குப் போதும். மேல்நிலைத் தொட்டி நிரம்பியதும் இது கூவும். அவ்வளவுதான் இதன் வேலை.

இதை நான் ஏன் செய்தேன் என்பதைச் சொல்கிறேன். எங்கள் ஊரில் தொட்டியை நிரப்புகிறவர் மோட்டாரைப் போட்டுவிட்டுத் தம் வயலுக்குப் போய்விடுவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. நிரம்பும் வரையில் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்க யாரால் முடியும்? அவர் திரும்பி வருவதற்குள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் தெருவில் ஓடிக்கொண்டிருக்கும். கோடையிலே அந்தக் காட்சியைப் பார்க்க மனம் பொறுக்காது. கடையில் இதற்கென்று கருவிகள் கிடைக்காமலில்லை. ஆனால் வாங்கிய கருவி பழுதானால் திறந்து பார்க்கத் தெரிந்தவர் ஊரில் இல்லை. செய்யத் தெரிந்தவன் ஊரிலேயே இருந்தால் பழுது பார்ப்பதும் எளிது என்று எண்ணியே இதில் இறங்கினேன்.

இத்தகைய பலகைக்கு அச்சிட்ட மின்சுற்று என்று பெயர் வந்த கதை சுவையானது. 1907-இல் வியன்னா நகரில் பிறந்த பால் ஐஸ்லர் என்பவர் பொறியியல் கற்றவர். அச்சுத் தொழிலிலும் பழகியவர். யூதராகப் பிறந்ததனால் தம் நாட்டில் தக்க வேலை கிடைக்காமல் 1936-இல் இங்கிலாந்துக்குப் போனார். அக்காலத்து வானொலிப் பெட்டிக்குள் கம்பிகளைக் கையாலேயே ஒவ்வொன்றாகப் பற்றவைப்பார்கள். ஐஸ்லர், படம் அச்சிடுவதைப் போலக் கம்பிப் பாதையையும் செப்புத் தகட்டில் அச்சிட்டு, வேண்டாத செம்பைக் கரைத்துவிட்டால் என்ன என்று எண்ணினார். லண்டனில் தங்கியிருந்த அறையிலேயே அப்படி ஒரு வானொலியும் செய்து பார்த்தார். 1943-இல் காப்புரிமை கோரினார். இன்று தங்கள் சட்டைப் பையிலுள்ள கைப்பேசிக்குள் இருப்பதும் அந்தக் குலத்தைச் சேர்ந்த பலகைதான்.

நிறையப் பலகைகள் வேண்டுமென்றால் தொழிற்சாலைக்குப் படத்தை அனுப்பிச் செய்வித்துக்கொள்வதே மேல். வேலையும் சுத்தம், விலையும் குறைவு. ஒன்று அல்லது இரண்டு வேண்டும், அதுவும் இன்று மாலைக்குள் வேண்டும் என்பவர்களுக்கே என் பேச்சு.

கடையில் செப்புத் தகடு ஒட்டிய பலகை என்று கேளுங்கள். இரண்டு வகை உண்டு. ஒன்று பழுப்பு நிறமானது. ஸ்விட்சுப் பெட்டிகளில் பார்த்திருப்பீர்களே, அந்த ஹைலம் பலகையின் இனம். மற்றொன்று இளம்பச்சை நிறமுள்ளது; கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்து ஆனது. பெரும்பாலும் 1.6 மி.மீ. கனமிருக்கும். அதன் மேலுள்ள செப்புத் தகடோ 35 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய 30-இல் ஒரு பங்குதான். புதிதாகக் கற்பவர் பழுப்புப் பலகையில் தொடங்குவது நலம். காரணத்தைத் துளையிடும் இடத்தில் சொல்வேன்.

பலகையை ஆக்சா பிளேடினால் அறுத்து, செப்புப் பக்கத்தை நைசான உப்புத்தாளால் பளபளக்கும்படி தேய்த்துக் கழுவுங்கள். பிறகு அதில் விரல் படக்கூடாது. பின்னர், அழியாத மையுள்ள மார்க்கர் பேனாவினால் பாதைகளை வரையவேண்டும். மை பட்ட இடத்துச் செம்பு தங்கும், மற்றது கரைந்துபோகும்.

இந்த வரையும் வேலையில் நம் வீட்டுப் பெண்களுக்குப் பயிற்சி ஏற்கெனவே உண்டு என்பேன். புள்ளிக் கோலம் போடுகிறவர்கள் முதலில் புள்ளி வைக்கிறார்கள் அல்லவா? இங்கேயும் கால்கள் நுழையும் இடங்களைப் புள்ளிகளாகக் குறித்துக்கொண்டுதான் கோடு இழுக்கவேண்டும். வேறுபாடு ஒன்றே: சிக்குக் கோலத்தில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும், இங்கே வெட்டினால் மின்சாரம் தடம் மாறிவிடும். தவிர்க்கவே முடியாதபோது, மறுபக்கமாக ஒரு துண்டுக் கம்பியைப் பாலம் போல் போட்டுக்கொள்ளலாம்.

இதில் ஒரு கண்ணி உண்டு. புத்தகத்திலுள்ள படம் பொதுவாகப் பொருள்கள் இருக்கும் பக்கத்திலிருந்து பார்த்தபடி வரைந்ததாக இருக்கும். நாம் வரைவதோ அதற்கு மறுபக்கத்தில். ஆகவே இடம் வலமாகவும் வலம் இடமாகவும் மாறவேண்டும். பஞ்சாயத்து முத்திரையின் ரப்பரில் எழுத்துகள் தலைகீழாக இருப்பதைத் தலைவர்கள் நாள்தோறும் பார்க்கிறார்கள், அதே கதைதான். என் முதற் பலகையில் இதை மறந்து, இரண்டு டிரான்சிஸ்டர்களையும் பின்பக்கம் முன்பக்கமாகத் திருப்பி வைக்க நேர்ந்தது.

இனிக் கரைக்கும் வேலை. இதற்கு ஃபெரிக் குளோரைடு என்னும் இரும்பு உப்பின் கரைசலைப் பயன்படுத்துகிறோம். அகன்ற பிளாஸ்டிக் தட்டில் ஊற்றி, பலகையை அமிழ்த்தி, தட்டை மெல்ல அசைத்துக்கொண்டே இருக்கவேண்டும். கரைசல் வெதுவெதுப்பாக இருந்தால் வேலை விரைவாக நடக்கும். சுமார் 10 நிமிஷத்திலிருந்து அரை மணி வரை ஆகலாம். கையுறை அணியுங்கள். கண்ணில் தெறித்தால் உடனே நிறையத் தண்ணீரால் கழுவி மருத்துவரிடம் போகவேண்டும். துணியில் பட்ட கறை போகாது. சமையற் பாத்திரத்தைத் தொடவே கூடாது. நான் தெரியாத்தனமாக ஓர் அலுமினியத் தட்டில் ஊற்றினேன். தட்டு கொதித்து, புகைந்து, ஓட்டையாகிப் போயிற்று. அன்று வீட்டில் எனக்குக் கிடைத்த அர்ச்சனையை இங்கே விவரிக்க வேண்டியதில்லை.

கரைந்து முடிந்த பலகையைக் கழுவி மையைத் துடைத்தால் செப்புக் கோடுகள் பொன்போல மின்னும். அதைக் கண்டதும் வேலை முடிந்ததென்று மகிழ்ந்துபோகிறோம். உண்மையில் பலகைகள் பாழாவது இதற்குப் பிறகுதான், துளையிடும்போது.

இந்தப் பலகையில் துளைகளை எண்ணிப் பாருங்கள். டிரான்சிஸ்டர்களுக்கு 6, மின்தடைகளுக்கு 4, பஸ்ஸருக்கும் பாட்டரிக்கும் தொட்டிக்குப் போகும் கம்பிகளுக்கும் இரண்டிரண்டாக 6; மொத்தம் 16. பொருள்களின் கால்களுக்கு 0.8 மி.மீ. பிட்டும், கம்பிகளுக்கு 1.2 மி.மீ. பிட்டும் தேவை. பெட்டியில் திருகி வைக்க மூலையில் 3 மி.மீ. துளை இரண்டு. சுவரில் துளையிடும் பெரிய இயந்திரத்தின் வாய் 0.8 மி.மீ. பிட்டைப் பிடிக்காது, பிடித்தாலும் அந்தக் கனத்துக்கு முன் பிட் நிற்காது. கடிகாரம் பழுதுபார்ப்பவரிடமும் பொற்கொல்லரிடமும் விரலால் உருட்டித் துளைக்கும் சிறு கைப்பிடி இருக்கும். பழுப்புப் பலகைக்கு அதுவே போதுமானது. பொறுமையாக உருட்டினால் 16 துளைகளும் அரை மணியில் முடியும்.

கண்ணாடி இழைப் பலகையோ பிட்டின் கூர்மையைத் தின்றுவிடும். சாதாரண எஃகுப் பிட் சில துளைகளிலேயே மழுங்கி, செப்பைப் பிய்த்துக்கொண்டு வரத் தொடங்கும். டங்ஸ்டன் கார்பைடு பிட் மழுங்காமல் உழைக்கும். ஆனால் அது கண்ணாடி வளையலைப் போன்றது. இம்மியளவு பக்கவாட்டில் சாய்ந்தால் படக்கென்று ஒடியும். கையில் பிடித்துத் துளைக்கும்போது சாயாமல் இருக்க யாராலும் முடியாது. ஆகவே அந்தப் பிட்டைத் தாங்கியில் பொருத்திய சிறு துளைக் கருவியில்தான் போடவேண்டும். கருவி வேகமாகச் சுழலவேண்டும். கையோ மெதுவாக அழுத்தவேண்டும். பலகைக்கு அடியில் ஒரு பழைய பிளைவுட் துண்டை வையுங்கள். இல்லாவிட்டால் துளை வெளிவரும் பக்கம் பிய்ந்துவிடும்.

பிட் வழுக்காமலிருக்க ஓர் உபாயம் உண்டு. வரையும்போதே ஒவ்வொரு செப்புப் புள்ளியின் நடுவிலும் கடுகினும் சிறிய இடத்தை மை படாமல் விட்டுவிடுங்கள். அங்கே செம்பு கரைந்து சிறு குழி உண்டாகும். பிட்டின் முனை தானே அதில் உட்கார்ந்துகொள்ளும். பல பலகைகளைக் கெடுத்த பின்பே நான் இதைக் கற்றேன்.

கண்ணாடி இழைப் பலகையைத் துளைக்கும்போது எழும் தூள் மூச்சோடு உள்ளே போகக்கூடாது. மூக்கையும் வாயையும் மூடும் நல்ல முகக்கவசமும், பிட் ஒடிந்து தெறித்தால் காக்கக் கண்ணாடியும் அணியவேண்டும். தூளை வாயால் ஊதாதீர்கள். ஈரத் துணியால் துடையுங்கள். குழந்தைகள் அருகில் வேண்டாம்.

இப்போது இச்சபைக்கு மிகவும் வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். வேலை முடிந்ததும் தட்டில் மிஞ்சுகிற கரைசலை என்ன செய்வது? பல தடவை பயன்படுத்தலாம் என்பது உண்மை. ஆனால் ஒரு நாள் அது கரும்பச்சையாகிச் சோர்ந்துபோகும். முதன்முறை நான் அதைக் கொல்லைப்புறச் சாக்கடை ஓரத்தில் கொட்டினேன். அங்கிருந்த கருவேப்பிலைக் கன்று சில நாட்களில் கருகிற்று. சாக்கடை எங்கே போகிறது? ஊர்க் குட்டைக்கு. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

உழவர்களுக்கு நான் இதை விளக்கவேண்டியதில்லை. மயில்துத்தத்தை நாம் எதற்குத் தெளிக்கிறோம்? பூஞ்சாணத்தைக் கொல்ல. அதுவும் செப்பு உப்பே. பூஞ்சாணத்தைக் கொல்லும் செம்பு, குட்டையில் கலந்தால் மீனுக்கும் நஞ்சாகும். செம்பு மண்ணில் சேர்ந்துவிட்டால் எளிதில் நீங்காது.

பரிகாரமும் நம் உழவர் அனுபவத்திலேயே இருக்கிறது. போர்டோ கலவை செய்யும்போது மயில்துத்த நீரோடு சுண்ணாம்புப் பாலைக் கலந்து, பளபளப்பான கத்தியை முக்கிப் பார்ப்போம். கத்தியில் செந்நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று இன்னும் சேர்ப்போம். இங்கேயும் அப்படியே செய்யலாம். கையுறையும் கண்ணாடியும் அணிந்து, சோர்ந்த கரைசலில் நீர்த்த சுண்ணாம்புப் பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கிளறினால், இரும்பும் செம்பும் சேறாகக் கீழே படியும். கத்தியில் செம்பு படிவது நிற்கும் வரையில் சுண்ணாம்பு சேர்க்கவேண்டும். பிறகு சேற்றையும் தண்ணீரையும் பிரிக்காமலே சிமெண்டோடு குழைத்துக் கட்டியாக்கிவிடுங்கள். அக்கட்டியைக் குப்பையில் எறியாமல், பெயர் எழுதிய வாளியில் சேர்த்து வைத்து, தீங்கான கழிவுகளைப் பெற அனுமதியுள்ளவரிடம் ஒப்படைக்கவேண்டும். ஒரு வீட்டுக்கு ஒரு கைப்பிடி கட்டிதான் சேரும். அதற்காக ஒவ்வொருவரும் நகரத்துக்கு அலையமாட்டார்கள். எனவே பஞ்சாயத்தே ஒரு வாளியை வைத்துக்கொள்ளவேண்டும் என்பது என் கோரிக்கை.

பொருத்துவதைப் பற்றி இரண்டு சொற்கள். தொட்டி நீர் குடிநீர். ஆகவே தண்ணீரில் படும் இரண்டு கம்பிகளும் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். செப்புக் கம்பியோ, ஈயம் கலந்த பற்றோ நீருக்குள் போகக்கூடாது. இணைப்புகளைத் தொட்டிக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். பலகையின் செப்புப் பக்கத்துக்கு வார்னிஷ் பூசினால் ஈரத்தில் பச்சை பிடிக்காது. இதை மோட்டார் ஸ்டார்ட்டரோடு இணைத்துத் தானாக நிறுத்தச் செய்யலாமே என்று சில இளைஞர்கள் கேட்கிறார்கள். வேண்டாம் என்றே சொல்கிறேன். வீட்டில் செய்த பலகை 9 வோல்ட்டோடு நிற்கட்டும். மும்முனை மின்சாரத்தில் கை வைப்பது உரிமம் பெற்ற மின்பணியாளரின் வேலை. பஸ்ஸர் கூவினால் ஒரு மனிதர் போய் மோட்டாரை நிறுத்தட்டும்.

இன்னொரு கோரிக்கையும் உண்டு. தாங்கியோடு கூடிய துளைக் கருவி ஒரு வீட்டுக்கு ஆண்டில் நான்கு நாட்கள்தான் பயன்படும். அதை ஒவ்வொரு இளைஞனும் வாங்குவது வீண் செலவு. பஞ்சாயத்துக் கட்டடத்தில் ஒன்றை வைத்து, பெயரெழுதிக் கையெழுத்திட்டுப் பயன்படுத்த விட்டால் ஊருக்கெல்லாம் போதும். முகக்கவசம், கண்ணாடி, சுண்ணாம்பு, வாளி ஆகியவையும் அதே மேசையில் இருக்கட்டும். கருவியை இரவல் கேட்டு வருகிறவனிடம் சோர்ந்த கரைசலை என்ன செய்தாய் என்று கேட்கவும் அதனால் வழி ஏற்படும்.

கையிலிருக்கும் பலகை சபையைச் சுற்றி வந்துவிட்டதா? நல்லது. பின்வரிசை மேசையில் துளையிடாத பழுப்புப் பலகைகள் பத்தும், உருட்டும் கைப்பிடிகள் மூன்றும் வைத்திருக்கிறேன். தேநீர் அருந்திவிட்டு வாருங்கள். தாய்மார்கள் முதலில் வரட்டும்.