வான்கோழிக் குழல் கற்பித்த பாடம்



மூதுரையில் ஒளவைப் பிராட்டியார் காட்டும் வான்கோழியை நீங்கள் அறிவீர்கள். மயில் ஆடக் கண்டு தானும் சிறகை விரித்தாடிய அப்பறவை, கல்லாதவன் கவி பாடுவதற்கு உவமையாயிற்று. அதனால் வான்கோழியை நாம் சற்று ஏளனமாகவே நினைத்துப் பழகிவிட்டோம். ஆனால், மனிதன் வான்கோழியிடமே பாடம் கேட்கச் செல்லும் ஒரு கலையும் உலகில் உண்டு. அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

சென்ற ஆண்டு, சேலம் ஃபேர்லேண்ட்ஸில் உள்ள என் இல்லத்திற்குப் பழைய மாணவர் ஒருவர் வந்திருந்தார், அமெரிக்காவில் பணிபுரிபவர். ஒரு சாண் நீளமுள்ள மரக்குழல் ஒன்றை என் கையில் வைத்தார். ஒரு முனை மெலிந்தும், மறுமுனை நாகசுரத்தின் அனசு போலச் சற்றே விரிந்தும் இருந்தது. வாயில் வைத்து ஊதினேன், வெறுங்காற்றுத்தான் வந்தது. அவர் நகைத்து, “ஐயா, இதை ஊதக்கூடாது, உறிஞ்ச வேண்டும்” என்றார்.

காட்டு வான்கோழி வட அமெரிக்காவுக்கு உரிய பறவை. மெக்சிகோ நாட்டு மக்கள் அதை வீட்டுப் பறவையாக்கினர். 16-ஆம் நூற்றாண்டில் அது கடல் கடந்து ஐரோப்பாவுக்குச் சென்றது. வீட்டில் வளர்வது மந்தமாகத் தோன்றினும், காட்டில் வாழ்வது கூரிய கண்ணும் செவியும் உடையது. இளவேனிற் காலத்தில் சேவல் முழங்கும். பேடு மறுமொழி கூறும். பேட்டின் குரலைப் பாவனை செய்து சேவலை அருகில் வரச் செய்வதற்கு எழுந்த கருவியே இக்குழல்.

அமெரிக்கப் பழங்குடி மக்கள் வான்கோழியின் சிறகெலும்புகளைக் கொண்டே இத்தகைய குழல் செய்தனர். சார்லஸ் ஜோர்டன் என்ற வேட்டைக்காரரின் முறைகளை விளக்கி, எட்வர்ட் மக்கில்ஹென்னி 1914-ல் ஒரு நூல் வெளியிட்டார். எலும்புக் குழலின் வழிவந்ததே மரத்தில் கடைந்த இன்றைய குழல்.

நாகசுரத்தில் சீவாளி அதிர்கிறது. பூவரசிலைப் பீப்பீயில் இலை அதிர்கிறது. இக்குழலிலோ நம் உதடே அதிர வேண்டும். நுண்ணிய துளை வழியே காற்றை இழுக்கும்போது உதடு துடிக்கிறது. அத்துடிப்பைக் குழல் பெரிதாக்கித் தருகிறது.

ஆதலின், குழலைத் தேர்ந்தெடுப்போர் முதலில் வாய்முனையையே நோக்க வேண்டும். துளை அகன்றிருந்தால் மூச்சு வீணாகும். குரலும் நம் பிடியில் நில்லாது. உதட்டில் தங்குவதற்கு வாய்முனையில் ஒரு சிறு வளையம் இருக்கும். அது நம் உதட்டுக்குப் பொருந்தினால்தான் நாள்தோறும் ஒரே இடத்தில் குழலை வைக்க இயலும். அடிவாயை உள்ளங்கையால் மூடி உறிஞ்சிப் பார்த்தால் இணைப்புகளில் காற்றுக் கசிவு உண்டா என்பது விளங்கும். விற்பவர் இசைத்துக் காட்டும் ஒலியைக் கேட்டு மயங்கலாகாது. அது அவருடைய உதட்டின் திறமை.

பயிற்சியும் படிப்படியானது. குழந்தைக்கு முத்தமிடுவது போல உதட்டைக் குவித்துக் குறுமூச்சாக இழுத்தால் ‘டொக்’ என்று ஓர் ஒலி பிறக்கும், அது முதற்பாடம். பிறகு, மெல்லிய உயர்ந்த ஒலியில் தொடங்கிக் கரகரப்பான தாழ்ந்த ஒலியில் முடிக்கப் பழக வேண்டும். அவ்வாறு மூன்று, நான்கு முறை சீரான கால அளவில் தொடுத்தால் அதுவே பேட்டின் அழைப்பு. அடிவாயைக் கையால் குவித்தும் விரித்தும் குரலைத் தொலைவாகவும் அண்மையாகவும் தோன்றச் செய்யலாம். நாள்தோறும் பத்து நிமிடம் போதும். ஒரே நாளில் இரண்டு மணி நேரம் முயன்றால் உதடு வீங்குவதுதான் மிச்சம். அதை நான் அனுபவத்தில் அறிந்தேன்.

ஆயினும் ஒரு திங்கள் முயன்றும் என் குழலில் வான்கோழி பிறக்கவில்லை. காரணம் பின்னரே புரிந்தது: நான் வான்கோழியைக் கேட்டதே இல்லை! மாணவர் அனுப்பிய ஒலிப்பதிவைப் பல நாள் கேட்டேன். குரலின் இனிமையைவிட அதன் நடையே முக்கியம் என்பதும், இரண்டு ஒலிகளுக்கு இடையேயுள்ள மௌனமும் மொழியின் பகுதி என்பதும் தெளிந்தன. இயற்கையில் பேடுதான் சேவலை நாடிச் செல்லும். ஓயாமல் அழைத்தால், ‘அவளே வரட்டும்’ என்று சேவல் நின்ற இடத்திலேயே நின்றுவிடும். எனவே வாய்மூடி இருக்கத் தெரிந்தவனே இக்கலையில் வல்லவன். திருவள்ளுவர் கல்வியோடு அமையாமல் கேள்விக்கும் ஓர் அதிகாரம் வகுத்த நுட்பம், அறுபது வயதுக்கு மேல் ஒரு மரக்குழலால் எனக்கு விளங்கியது.

இங்கே ஒரு பழைய குற்றத்தையும் சொல்லிவிட வேண்டும். நாமக்கல் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் நான் இளம் ஆசிரியனாக இருந்தபோது, பின்வரிசையிலிருந்து ஒரு கவுதாரி கத்தியது. கத்தியவன் ஓர் உழவர் வீட்டுச் சிறுவன். மறுகணமே சன்னலுக்கு வெளியே சோளக் காட்டிலிருந்து உண்மைக் கவுதாரி ஒன்று பதில் தந்தது. வகுப்பு சிரித்தது, நான் பிரம்பை எடுத்தேன். பறவையே தேர்ச்சி அளித்த மாணவனை ஆசிரியன் தண்டித்தேன். அதன்பின் அவன் என் வகுப்பில் கவுதாரியாகக் கத்தவும் இல்லை. வாய்திறந்து ஒரு கேள்வி கேட்கவும் இல்லை.

மாணவர்களே, நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டுப் பறவைகளை வேட்டையாடுவதைத் தடுக்கிறது. குரல் காட்டி அவற்றை வலைக்கு இழுப்பது அறமும் அன்று. ஆனால் கேட்பதற்கு எந்தத் தடையும் இல்லை. நாளை வைகறையில் பத்து நிமிடம் வாசலில் அமருங்கள். குயிலையும் செம்போத்தையும் கவுதாரியையும் குரலால் பிரித்தறியப் பழகுங்கள். மயிலைக் கண்ட அளவில் சிறகை விரித்ததே மூதுரை வான்கோழி செய்த பிழை. நாம் முதலில் செவியைத் திறப்போம்.