கதவைச் சாத்திப் பேசும் அறை

பழனிசெட்டிபட்டியிலிருந்து தேனி பஸ் ஸ்டாண்டுக்கு டவுன் பஸ்ஸில் ஏறினால் கொஞ்ச நேரம்தான். க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் எட்டும் தூரம். ஆனாலும் மனசு சரியில்லை என்றால் எங்கள் ஊரில் பலர் மதுரைக்குத்தான் போகிறார்கள். தெரிந்த முகம் எதுவும் பார்த்துவிடக் கூடாது என்ற பயம்.

எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் அப்படித்தான் வெளியூரில் ஒரு மனநலச் சிகிச்சையாளரிடம் போய்வந்தார். அவர் சம்மதத்தோடு, அடையாளங்களை மாற்றிச் சொல்கிறேன். பிரசவத்துக்குப் பிறகு தூக்கம் போய்விட்டது, காரணமில்லாத அழுகை. தெருவில் யாராவது கேட்டால் "பல் வலி" என்பார். ஒரு நாள் போவதை நிறுத்திவிட்டார். ஏன் என்றேன். அடுப்பில் பால் பொங்கி வழிகிறது, அதைக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "அவரு என்னைய 'நீ'ன்னு கூப்பிட ஆரம்பிச்சிட்டாரு."

எனக்கு அப்போது விளங்கவில்லை. பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். முதலில் "வாங்கம்மா", அப்புறம் பெயர், அப்புறம் "நீ". "என்னை சார்னு கூப்பிடாதே" என்றாராம். பகல் நேரம் மாறி, வரவேற்பில் இருக்கும் பெண் வீட்டுக்குப் போன பிறகு கடைசி ஆளாக வரச் சொன்னார். ஃபீஸ் வேண்டாம் என்றார். இரவு பதினோரு மணிக்கு வாட்ஸ்அப். பிறகு தன் மனைவியைப் பற்றிய குறைகள். "அழப் போன எடத்துல அவரைத் தேத்திட்டு வந்தேன்டா தம்பி" என்றார் அக்கா. அடுத்த தடவை தோளில் கை. அதோடு எழுந்து வந்துவிட்டார்.

உடம்பைத் தொட்ட அந்த நாளைத்தான் நாம் குற்றம் நடந்த நாளாக எண்ணுகிறோம். "நீ" என்ற நாளிலேயே அது தொடங்கிவிட்டது என்பேன் நான்.

சிகிச்சையில் நோயாளிக்கு மருத்துவர்மேல் பெரிய பற்று வரும். சிலருக்கு அது காதலாகவே தோன்றும். இதைப் பற்றி ஃபிராய்டு 1915-லேயே தனிக் கட்டுரை எழுதினார். அந்தப் பற்று சிகிச்சைச் சூழலால் பிறப்பது, மருத்துவர் அதைத் தன் அழகுக்கும் குணத்துக்கும் கிடைத்த பரிசாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது அதன் சாரம். இதைப் படித்துத் தேறியவர் அதே பற்றைத் தனக்குப் பயன்படுத்திக்கொள்வது, மயக்க மருந்து கொடுத்த கையாலேயே நோயாளியின் கழுத்துச் சங்கிலியைக் கழற்றுவதற்குச் சமம்.

நியூயார்க்கில் ஜூலி ராய் என்ற பெண், சிகிச்சை என்ற பெயரில் தன்னோடு உடலுறவு கொண்ட மனநல மருத்துவர் ரெனட்டஸ் ஹார்ட்டாக்ஸ்மீது வழக்குப் போட்டார். 1975-இல் ஜூரிகள் ஜூலி ராயின் பக்கம் நின்றார்கள். மேல்முறையீட்டில் இழப்பீட்டுத் தொகை வெகுவாகக் குறைந்தது; ஆனால் அது தவறான சிகிச்சை என்பது நிலைத்தது. நம் நாட்டில், 2025 ஜனவரியில் நாக்பூரில் உளவியல் ஆலோசகர் ஒருவரைப் போலீசார் கைது செய்தார்கள். ஆலோசனைக்கும் முகாம்களுக்கும் வந்த மாணவிகளைப் பல ஆண்டுகளாகச் சீரழித்து, படம் எடுத்து மிரட்டினார் என்பது குற்றச்சாட்டு. முன்னாள் மாணவி ஒருவர் துணிந்து புகார் கொடுத்த பிறகே விஷயம் வெளியே வந்தது. அத்தனை ஆண்டுகள் ஏன் யாரும் வாய் திறக்கவில்லை?

அக்காவிடம் இதற்குப் பதில் இருந்தது. "அங்க பேசுறதெல்லாம் ரகசியம்னு மொத நாளே சொன்னாரே. நான் எப்படி வெளிய சொல்றது?"

இந்த இடத்தைக் கவனமாகக் கேளுங்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியம் காக்கும் கடமையைச் சிகிச்சை தருபவர்மேல்தான் சுமத்துகிறது. நோயாளிக்கு அது உரிமை; அவர் வாய்க்குப் போட்ட பூட்டு கிடையாது. அந்த அறையில் தனக்கு நடந்ததை அவர் யாரிடமும் சொல்லலாம். "இது நமக்குள்ளேயே இருக்கட்டும்" என்று ஒரு சிகிச்சையாளர் சொன்னால், அவர் காப்பது உங்கள் ரகசியத்தை அல்ல, தன்னுடையதை.

அக்காவுக்கு இன்னொரு உறுத்தல். "நானும் சிரிச்சுப் பேசினேனே." பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 68-வது பிரிவு, நம்பிக்கைக்குரிய பொறுப்பில் இருப்பவர் அந்தப் பொறுப்பைப் பயன்படுத்தித் தன் வசமுள்ள பெண்ணை மசியவைத்து உறவுகொண்டால், அது வன்புணர்வு என்ற வரையறைக்குள் வராவிட்டாலும் குற்றம் என்கிறது. ஐந்து முதல் பத்து ஆண்டு கடுங்காவல். பெண் இணங்கினாள் என்று சொல்லித் தப்பிக்க முடியாமல் செய்யத்தான் இந்தப் பிரிவு.

யாரிடம் போகிறோம் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பெயர்ப் பலகையில் 'கவுன்சிலர்' என்று எழுதுவது எளிது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண் வேண்டும். கூச்சப்படாமல் கேளுங்கள். தவறு நடந்தால் அந்தக் கவுன்சிலுக்கு எழுதலாம், போலீசுக்கும் போகலாம். மனசு தாங்காத இரவில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

அக்கா புகாரைக் குழந்தைக்கு வாங்கி வைத்திருந்த நாற்பது பக்க நோட்டில் எழுதினார். "என் மேலயும் தப்பு இருக்கலாம்" என்று ஆரம்பித்திருந்தார். இரண்டு நாள் கழித்து அந்த வரியை அவரே அடித்துவிட்டு மீதியைச் சுத்தமாகப் படி எடுத்தார். இப்போது க.விலக்கில் ஒரு பெண் மருத்துவரைப் பார்க்கிறார். போன வாரம் பழனிசெட்டிபட்டி ஸ்டாப்பில் ஒருவர் "என்ன, பல் வலியா?" என்று கேட்டிருக்கிறார். "இல்லக்கா, தூக்கம் வரல, அதுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறியிருக்கிறார்.