புகையை அடக்கியாயிற்று, எடையை?

வண்டலூரிலிருந்து மீஞ்சூர் போகும் வெளிவட்டச் சாலையில், நெமிலிச்சேரியைத் தாண்டி வடக்கே புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு போகும் டிரெய்லர்களைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம் கார்களைச் செய்து உலகுக்கே அனுப்புகிறது. அந்தக் கார்கள் சுற்றுச்சூழலுக்கு உகந்தவை என்று கம்பெனிகள் சொல்வதில் பெரும்பகுதி உண்மை. 2020 ஏப்ரல் 1 முதல் நாட்டில் பி.எஸ். 6 என்னும் வாகனப் புகை விதி நடப்பில் இருக்கிறது. நான்காம் படியிலிருந்து ஐந்தைத் தாண்டி நேரே ஆறுக்கு வந்தோம். காரின் புகைக்குழாய்ப் பாதையில் நுண்துளைகள் நிறைந்த ஒரு பீங்கான் கட்டி இருக்கிறது. பிளாட்டினம், பல்லேடியம் போன்ற உலோகங்களை மெல்லிசாகப் பூசிய அதன் வழியே போகும்போதுதான் நச்சு வாயுக்கள் மாறுகின்றன. எரிபொருளில் கந்தகம் மிஞ்சினால் அந்தப் பூச்சு சரியாக வேலை செய்யாது. அதனால் பத்து லட்சத்தில் 50 பங்காக இருந்த கந்தகத்தை 10 பங்காகக் குறைக்க வேண்டியிருந்தது; நம் மணலி சுத்திகரிப்பு ஆலையும் அதற்காக மாறியது. பொறியாளர்களின் திறமை பெரிது, சந்தேகமில்லை. ஆனால் கெடு வைத்தது அரசு. அந்தத் தேதிக்குப் பிறகு பழைய ரகத்தை விற்கவே கூடாது என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் கறாராகச் சொன்ன பிறகுதான் இழுத்தடிக்க வழியில்லாமல் போனது.

விதி கேட்டதைக் கம்பெனிகள் செய்தன. விதி கேட்காதது எடை. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் வெளிவந்த சான்ட்ரோ ஒரு டன்னுக்கும் குறைவு. இன்று அங்கே தயாராகும் கிரெட்டா டன்னைத் தாண்டியது. கரியமில வாயுவுக்கு வரம்பு உண்டுதான். ஆனால் ஒரு கம்பெனி விற்கும் கார்களின் சராசரி எடை கூடினால் அதற்கான வரம்பும் தளர்கிறது. கனத்துக்குச் சலுகை தரும் கணக்கு இது.

மின்சாரக் கார் வந்தால் சரியாகிவிடும் என்பார்கள் சிலர். நிலக்கரி மின்சாரத்தில் ஓடுவதற்குப் பெட்ரோலே மேல் என்பார்கள் வேறு சிலர். கணக்குப் போட்டே பார்ப்போம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் கார் கிலோமீட்டருக்குச் சுமார் 150 கிராம் கரியமில வாயுவை விடுகிறது. நம் நாட்டு மின்சாரத்தில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம். யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் ஓடும் சிறிய மின்கார் என்றால் 100 கிராம்; ஐந்தே ஓடும் கனத்த கார் என்றால் 140. ஆதாயம் நிச்சயம் உண்டு, ஆனால் கனம் அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடுகிறது. காற்றாலையும் சூரிய மின்சாரமும் பெருகினால் இரண்டுமே குறையும்; ஆனால் பெரிய பேட்டரிக்குத் தோண்டிய தாதும், தேயும் டயரின் தூசியும் அதனால் குறையப்போவதில்லை.

மக்கள் கேட்பதைத்தானே செய்கிறோம் என்பது கம்பெனிகளின் பதில். குடும்பத்தோடு போக விசாலமான கார் கேட்பவரைக் குறை சொல்ல நியாயமில்லை. ஆனால் விலையை வரியும் தீர்மானிக்கிறது. 2025 செப்டம்பர் முதல் சிறிய பெட்ரோல் காருக்கு 18 சதவீதம், பெரியதற்கு 40 சதவீதம் ஜி.எஸ்.டி. மின்காருக்கோ, சிறிதானாலும் இரண்டு டன் ஆனாலும், ஒரே 5 சதவீதம். அந்த 5 சதவீதத்தைச் சிறிய மின்கார்களுக்கு வைத்துக்கொண்டு, கனத்தவற்றுக்குப் படிப்படியாகக் கூட்டலாம். இலகுவான காரைச் செய்யத் தெரியாதவர்கள் அல்ல இங்குள்ள பொறியாளர்கள்.